சின்ன வட்டம்

திரையில் கடல்நாயகி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புயல் அடித்து ஓய்ந்து நாலு நாளாகிவிட்டது. அந்தப் படகிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் தென்கடல் தேடல் மையத்தின் பெரிய திரையில் அந்தப் பச்சைப் புள்ளி, எனக்கென்ன வந்தது என்கிற மாதிரி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம். வெளிக்கூடத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அதைப் பார்த்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விஷயம் தெரிந்த சுகந்திக்கு மட்டும் அதை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் சூரியப் புயல் ஒன்றில் வெந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. கைப்பேசியைத் தட்டினால் நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த உலகம், ஒரே நாளில் கண் அவிந்து நின்றது. கரையில் இருக்கிறவனுக்கு என்ன, நாலு பேரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவான். நடுக்கடலில் யாரைக் கேட்பது? அதற்காக வந்ததுதான் பெட்டி. படகின் ஒவ்வொரு குலுக்கலையும் ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து, கிளம்பிய துறையிலிருந்து எவ்வளவு தூரம் எந்தப் பக்கம் வந்தோம் என்று அது கூட்டிக்கொண்டே போகும். வெளியுலகத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. ஆனால் கூட்டக் கூட்டத் துளித்துளியாகத் தப்பும் சேரும். அந்தத் தப்பைத் திருத்தத்தான் கால்மன் வடிகட்டி என்று ஒரு கணக்கு. பெட்டி அவ்வப்போது தன் இடத்தை வானொலி வழியாகக் கரைக்குச் சொல்லும்; அதை வைத்து, படகில் ஓடும் அதே கணக்கின் நகல் ஒன்று கரையிலும் ஓடும். கரையில் ஓடும் கணக்குகளுக்கெல்லாம் பொறுப்பு சுகந்தி.

திண்டுக்கல்லில் பிறந்தவள். கடலையே இருபத்தைந்து வயதில்தான் பார்த்தாள். தெக்கன்துறைக்கு வேலையாக வந்து, கிளாடிஸ் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்து மூன்று வருஷம். கடல்நாயகியை ஓட்டிப்போன ஸ்ராங்கு சில்வதாசன், கிளாடிஸின் கணவன். அவனோடு போனவர்கள் ஐந்து பேர்.

கிளாடிஸ் அனுமதி எல்லாம் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்து திரை முன்னால் நின்றாள்.

"பிள்ளே, நேரா ஒண்ணு கேக்கேன். எனக்க மாப்பிள்ள அந்தப் புள்ளியிலதான் இருக்காவளா?"

"இருக்கலாம்னு கணக்கு சொல்லுதுக்கா."

"அவிய பேசவே இல்ல. கணக்குக்கு யாரு சொன்னா?"

சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிளாடிஸ் உட்காரவில்லை.

"அண்ணன் கொச்சிக்கு பஸ் ஏறிட்டாருன்னு வைங்க. போன் பண்ணல. நீங்க என்ன செய்வீங்க? இந்நேரம் திருவனந்தபுரம் தாண்டியிருக்கும், இப்ப கொல்லம் வந்திருக்கும்னு மனசுக்குள்ள பஸ்ஸ ஓட்டிக்கிட்டே இருப்பீங்கள்ல?"

"ஆமா."

"திடீர்னு போன் வருது. பஸ் ரிப்பேரு, இன்னும் பாறசாலையிலதான் நிக்கிறோம்னு சொல்றாரு. உடனே உங்க கணக்கத் திருத்திக்குவீங்க. போன்ல இரைச்சலா இருந்து பாதிதான் கேட்டுச்சுன்னா, பாதிதான் நம்புவீங்க. நாம நெனச்சத எவ்வளவு நம்புறது, வந்த சேதிய எவ்வளவு நம்புறதுன்னு எடை போடுறதுதான் இந்தக் கணக்கோட வேலையே."

"போனே வரலேன்னா?"

"வரலேன்னா நெனச்சுக்கிட்டே இருக்கும். நேரம் போகப் போக அதுக்கே தன்மேல சந்தேகம் கூடும். அந்த சந்தேகம்தான் வட்டம். வட்டத்துக்குள்ள எங்கயாவது இருப்பாங்கன்னு அர்த்தம்."

கிளாடிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று சுகந்திக்குத் தோன்றியது.

"அப்பம் அந்தப் புள்ளி ஓடுகது, அவிய ஓடுகதுனால இல்ல."

"இல்லக்கா."

மையத்தின் பொறுப்பாளர் வேலப்பன் நல்ல மனிதர்தான். அவரைக் கொடுமைக்காரராக்கிவிட்டால் கதை சொல்வது சுலபம், ஆனால் அது நியாயமில்லை. அவரிடம் இருந்தது இரண்டே கப்பல். புயலில் சிக்கிய படகுகளோ கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு படகின் வட்டம் கப்பல்கள் தேடி முடிக்கக்கூடிய அளவைத் தாண்டிப் பெரிதாகிவிட்டால், அந்தத் தேடலை நிறுத்திவிட்டு, சின்ன வட்டம் உள்ள அடுத்த படகுக்குக் கப்பலை அனுப்ப வேண்டும்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள கடல்நாயகிக்க வட்டம் எல்லையத் தாண்டிரும்மா" என்றார் அவர் சுகந்தியிடம். "தாண்டினா பின்ன எனக்க கையில ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்பளைய நீதான் பாத்துக்கணும்."

தெக்கன்துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகு திரும்பவில்லை என்றால் ஊரில் ஒருத்தனும் வலை போடமாட்டான். எல்லாப் படகும் தேடத்தான் போகும். காணாமல்போனவன் போன மாசம் வரைக்கும் சண்டைக்காரனாக இருந்தாலும் சரிதான். கிளாடிஸ் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் பயறும் வந்தன. சுகந்தி கீழே இறங்கி வந்தபோது கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது.

"நாளைக்கு நிறுத்திருவாவளாமே. வேலப்பன் சாரு சொன்னதா வெளியில பேசிக்கிடுதாவ" என்றாள் கிளாடிஸ்.

சுகந்தி தலையை ஆட்டினாள்.

"வட்டத்தச் சின்னதாக்க வழி ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவளிடம் பொய் சொல்ல சுகந்திக்கு நாக்கு வரவில்லை.

"கடல் எவ்வளவு முரண்டு பிடிக்கும்னு கணக்குக்கு நாங்க ஒரு எண் குடுப்போம்க்கா. அந்த எண் பெருசா இருந்தா கணக்கு தன்னையே சந்தேகப்படும், வட்டம் வேகமா வளரும். எண்ணக் கொறச்சா கணக்கு தன்ன ரொம்ப நம்பும். வட்டம் சின்னதாகவே இருக்கும்."

"பின்ன கொறயேன்."

"அது பொய்க்கா. நமக்குத் தெரியாதத தெரியும்னு சொல்ற மாதிரி."

கிளாடிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. "நீ சொல்லுக பொய்யில யாருக்கு என்ன நட்டம் பிள்ளே? தேடுகவன் நாலு நாளு கூடத் தேடுவான். அவ்வளவுதானே? எனக்க மாப்பிள்ள உனக்கு என்ன பாவம் செஞ்சாவ?"

யாருக்கு என்ன நட்டம். சுகந்தி யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் இல்லை என்றுதான் அந்த நேரத்துக்குப் பட்டது. மேசைக்கு மேலே, மேரி மாதா படத்துக்குப் பக்கத்தில், சில்வதாசன் கல்யாணக் கோட்டில் விறைப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவள் எண்ணைக் குறைத்தாள். ஒரு நிமிஷ வேலை. எல்லையைத் தொட இருந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி, ஒரு கப்பல் இரண்டு நாளில் துழாவி முடிக்கிற அளவுக்கு வந்து நின்றது. பச்சைப் புள்ளி அதன் நடுவில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

வேலப்பன் வந்து திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, சின்னதாயிட்டு?"

"கணக்கத் திருத்தினேன் சார்."

அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் கேட்கவில்லை. "சரி, கப்பல் அங்கயே நிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஊருக்குள் சேதி தீ மாதிரிப் பரவியது. இடம் தெரிந்துவிட்டதாம், பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டதாம். கோயில் மணி அடித்தது. தெக்கன்துறைப் படகுகள் அத்தனையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் போய், அருகருகே வரிசை கட்டி, சீப்பால் வாருகிற மாதிரி கடலை வாரின. வட்டத்துக்கு வெளியே ஒரு படகும் போகவில்லை. எதற்குப் போகவேண்டும்? இடம்தான் தெரிந்துவிட்டதே.

கிளாடிஸ் தினமும் மதியம் சுகந்திக்குச் சோறு கொண்டுவந்தாள். "நீதான் பிள்ளே அவியள உயிரோட வச்சிருக்க" என்றாள் ஒருநாள். சுகந்தி பாதிச் சோற்றை மூடிவைத்தாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றும் அகப்படவில்லை. காலி டீசல் கன்னாஸ் ஒன்றுகூட மிதக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் வேலப்பன் கப்பலைத் திருப்பி அழைத்தார். வட்டம் சின்னதாக இருந்தும் என்ன செய்ய, அந்த இடத்தைத்தான் இரண்டு தடவை துழாவியாகிவிட்டது. வெளிக்கூடத்தில் பெண்கள் அழுத அழுகை கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தது.

அழுகையைக் கேட்டுக்கொண்டே சுகந்தி எண்ணைப் பழையபடி மாற்றினாள். செய்த பொய்யையாவது துடைத்துவைப்போம் என்றுதான். எண்ணை மாற்றினால் கணக்கு முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்கும். வட்டம் நிதானமாக வளர்ந்தது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள். சட்டென்று புள்ளி துள்ளியது.

துள்ளி, தென்மேற்கே வெகுதூரம் போய் நின்றது. அதைச் சுற்றி இருந்த பெரிய வட்டம் சுருங்கி, ஒரு சின்ன வட்டமானது.

கெட்டுப்போய்விட்டதோ என்று அவள் இன்னொரு முறை ஓட்டினாள். மறுபடியும் அதே இடம். உள்ளே நுழைந்து தேடினாள். ஆறாம் நாள் காலையில் அந்தப் பக்கமாகப் போன ஒரு சரக்குக் கப்பலின் கருவிக்கு, கடல்நாயகியின் பெட்டியிலிருந்து வலுவில்லாத ஒரு சமிக்ஞை கேட்டிருக்கிறது. கப்பல்காரர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. கருவி தன்பாட்டுக்கு, கேட்ட இடத்தையும் சேர்த்து, மையத்துக்கு அனுப்பிவிட்டது. மையத்தின் கணக்கு அதை வாங்கி, தன் வட்டத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறது. இந்தப் படகு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இது எங்கிருந்தோ வந்த பொய்ச்சேதி என்று தள்ளிவிட்டது. எதிரொலி, இரைச்சல், வேறு படகின் சத்தம் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ வரும். நம்பமுடியாத தூரத்திலிருந்து வருகிறதைத் தள்ளச் சொல்வது நல்ல விதிதான். வட்டம் பெரிதாக இருந்திருந்தால் அந்தச் சேதி அதற்குள் விழுந்திருக்கும். கணக்கு வாங்கிக்கொண்டிருக்கும்.

யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. "சார்!" என்று சுகந்தி கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கப்பல் தென்மேற்கே திரும்பிப் போனது. மறுநாள் மதியம், கவிழ்ந்து கிடந்த கடல்நாயகியின் முதுகில் இரண்டு பேரை உயிரோடு கண்டுபிடித்தார்கள். டைட்டஸ், அவன் சித்தப்பா மகன் ஆல்பி. மற்ற மூன்று பேர் புயலிலேயே போய்விட்டார்கள். சில்வதாசன் புயலில் போகவில்லை.

"ஸ்ராங்குதான் எங்களக் கெட்டி வச்சாரு" என்றான் டைட்டஸ், ஆஸ்பத்திரிக் கட்டிலில். உதடெல்லாம் உப்பு வெடித்துக் கிடந்தது. "முங்கிப் போயி குடிதண்ணிக் கன்னாஸயும் பெட்டியயும் பறிச்சிட்டு வந்தது அவருதான். அதுக்க சத்தம் தூரம் போவணும்னு தலைக்கு மேல பிடிச்சிட்டே இருந்தாரு. கப்பலு ஒண்ணு தூரத்துல போச்சு. எலேய், பெட்டி பேசிட்டு, கரையில கேட்டிருப்பாவ, சுகந்திப்பிள்ள இருக்கா, நாளைக்கு வருவாவன்னு சொன்னாரு. வரல்ல. அடுத்த நாளும் சொன்னாரு. முந்தாநாளு காலையில பாத்தா, கெட்டினபடியே கெடக்காரு, கை தொங்கிட்டு, உயிரு இல்ல."

சுகந்தி வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். களைப்பு என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வட்டத்தப் பத்தி யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத" என்றார் வேலப்பன், வரும் வழியில், ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு. "உன்மேல மட்டும் இல்ல, எனக்குந்தான் இதுல பங்கு. அன்னைக்கு நான் கேக்காம போனேன். ரெண்டு உயிரு வந்திருக்கு. வந்ததப் பாத்துட்டுப் போவோம்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவள் கனவிலும் நினைக்காதது. சின்ன வட்டத்தால் தேடல் நிற்காமல் நடந்தது, அதனால்தான் இரண்டு பேர் பிழைத்தார்கள் என்று செய்தி பரவிவிட்டது. நடுவில் எண்ணைத் திரும்ப மாற்றிய கதை அவளையும் வேலப்பனையும் தவிர யாருக்கும் தெரியாது. கடற்கரை ஊர்களில் எல்லாம் ஒரே பேச்சு. எங்கள் படகுக்கும் சின்ன வட்டம் வேண்டும். மேலிடத்துக்கும் அது வசதியாக இருந்தது. வட்டம் சின்னதாக இருந்தால் கப்பலும் டீசலும் மிச்சம். எல்லாப் படகுக்கும் இனி சின்ன வட்டம்தான் என்று பாராட்டோடு உத்தரவும் வந்தது.

சில்வதாசனை அடக்கம் செய்து மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளாடிஸ் மாடியேறி வந்தாள். கறுப்புச் சேலை. முகத்தில் அழுகை வற்றிப்போயிருந்தது.

"பங்குக் கோயில் மண்டபத்துல எல்லா ஊரு பொம்பளையளும் வந்திருக்காவ. வேலப்பன் சாரும் வந்திருக்காரு. இந்த சின்ன வட்டத்த ஒருகாலமும் மாத்தக்கூடாதுன்னு உறுதி வாங்கணும். ஃபாதர் ஒன்னையும் பேசக் கூப்பிடுதாரு. எனக்குத்தான் குடுத்து வைக்கல்ல, மத்தவளுவளுக்காவது ஆவட்டு. வா பிள்ளே."

சுகந்தி எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாம் நாள் வந்த சேதி, கணக்கு அதைத் தள்ளியது, ஏன் தள்ளியது. சொல்லும்போது அவள் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு அருகதை இல்லை என்று நினைத்தாள்.

கிளாடிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"வட்டம் பெருசா இருந்தா தேடுகத நிறுத்தியிருப்பாவ, இல்லியா?" என்று கேட்டாள், கடைசியில்.

"நிறுத்தியிருப்பாங்க."

"பின்ன?"

"நிறுத்தியிருந்தாலும் கணக்கு ஓடிட்டுத்தான்க்கா இருக்கும். அண்ணன் அனுப்பின சேதி வந்ததும் அது கேட்டிருக்கும். அன்னைக்கே கப்பல் போயிருக்கும்."

"அன்னைக்கு அவிய..."

"இருந்தாரு."

கிளாடிஸ் சுவரில் சாய்ந்து மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். சுகந்தி பக்கத்தில் போனபோது கையை நீட்டித் தடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே எழுந்தாள்.

"வீட்டக் காலி பண்ணிரு பிள்ளே. ஒனக்க மொகத்தப் பாத்துட்டு இந்த வீட்டுல எனக்கு இருக்க ஒக்காது."

"சரிக்கா."

"இப்பம் மண்டபத்துக்கு வா."

மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஃபாதர் ஜெரால்டு ஒலிபெருக்கியில் சின்ன வட்டத்தின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். ஒலிபெருக்கியை வாங்கவில்லை. கடற்கரையில் கூப்பிட்டுப் பழகிய குரல், அதுவே போதும்.

"எனக்க மாப்பிள்ள கரைக்கு சேதி அனுப்பினாவ. ஆறாம் நாளு. செத்துட்டு இருக்கும்போ பெட்டியத் தலைக்கு மேல பிடிச்சிட்டு அனுப்பினாவ. இங்க உள்ள கணக்கு அதக் கேக்கல்ல. எல்லாம் தெரியும்னு இருந்துட்டு. சின்ன வட்டம் இருந்ததுனால கேக்கல்ல. வட்டத்தச் சின்னதாக்குனது இந்தப் பிள்ள. ஆக்கச் சொன்னது நானாக்கும். வட்டம் பெருசானா நமக்கு நெஞ்சு வேவும். வெந்தாலும் பரவால்ல, அது பெருசாட்டே இருக்கட்டும்."

முன்வரிசையில், வயிற்றுப் பிள்ளையோடு ஓர் இளம்பெண் எழுந்தாள். பெயர் ஷெர்லின், வள்ளவிளைக்காரி என்று பிறகு தெரிந்தது.

"எனக்க மாப்பிள்ள கடல்ல போயி எட்டு நாளாச்சு, ஒரு சேதியும் இல்ல" என்றாள். "அவியளுக்கு இப்பம் ஓடுகது எந்த வட்டம்?"

எல்லாரும் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னது" என்றாள் சுகந்தி. "போன திங்கக்கிழமையில இருந்து எல்லாப் படகுக்கும் அதுதான்."

"நின்னுட்டு என்ன பாக்க?" என்றாள் கிளாடிஸ் மேடையிலிருந்து. "போயி மாத்து."

அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று சொல்ல வேலப்பன் எழுந்தார். அதற்குள் பெண்கள் எல்லாரும் எழுந்து சுகந்திக்கு வழிவிட்டு நின்றிருந்தார்கள். அவர் சொல்லவந்ததை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.